ஸ்கேனில் வந்த கை

போன கிழமை கீர்த்தனி போனைக் கட்டிலில் எறிந்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனதோடு கதையை நிறுத்தியிருந்தேன். எறிந்தது சரியா பிழையா என்று உங்களில் பாதிப்பேர் வீட்டில் சண்டை பிடித்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். என்னைக் கேட்டால், சுவரில் எறியாமல் கட்டிலில் எறிந்தாளே, அந்தப் பொறுமைக்கே ஒரு கும்பிடு போடலாம்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கீர்த்தனியின் புருசன் சிந்துஜன் கட்டாரில் ஒரு கப்பல் திருத்தும் தளத்தில் வேலை செய்கிறான். கலியாணம் முடிந்து நாலு வருசம். அதில் அவன் வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு மாரி காலம்கூடத் தேறாது. இந்த மாதத்தோடு அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. வந்ததும் கிண்ணியாவில் ஜமால்தீன் நானாவின் படகுக் கொட்டகையில் பாதியை எடுத்து, புருசனும் பெஞ்சாதியுமாக ஒரு படகு வேலைத்தலம் தொடங்குவது என்று எல்லாம் பேசி வைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை, "இன்னும் ரெண்டு வருசத்துக்கு நிக்கச் சொல்லிக் கேக்கிறாங்கள். வாற வியாழன் கையெழுத்து வைக்கப்போறன்" என்று சொன்னான். முகத்தைக் காட்டியாவது சொன்னானா? அதுவும் இல்லை. ஒரு மாதமாகப் போனில் கமரா பழுதாம். அதைக் கேட்டுத்தான் போன் கட்டிலுக்குப் பறந்தது.

இன்றைக்கு அந்த வியாழக்கிழமை.

மட்டிக்களியில் அவர்களுடைய வீட்டில் விடிந்ததிலிருந்து சட்டி பானைச் சத்தம்தான். மாமியார் புஷ்பவதி வாயால் பேசாத நாட்களில் குசினிச் சாமான்களால் பேசுவார்.

"இடியப்பம் ஆறுது, பிள்ளை."

"பசிக்கேல்லை, மாமி."

"நேத்தும் பசிக்கேல்லை, முந்தநாளும் பசிக்கேல்லை. நீ என்ன, காத்தைக் குடிச்சே சீவிக்கிறாய்?"

கீர்த்தனி வந்து உட்கார்ந்தாள். புஷ்பவதி சொதியை ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"ரெண்டு வருசம்தானே. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும்."

"அப்ப நீங்கள் மூடித் திறந்து பாருங்கோ, மாமி. நான் நாலு வருசமா மூடாமக் கிடக்கிறன்."

"உன்ர நன்மைக்குத்தான் சொல்லுறன்."

"என்ர நன்மை கட்டாரிலயோ இருக்குது?"

வெளியே வேலிக்கு மேலால் கழுத்தை நீட்டி, ஊருக்குள் திரிகிற மான் ஒன்று செவ்வரத்தைக் கொப்பை இழுத்துக்கொண்டிருந்தது. புஷ்பவதி தடியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அதைக் கலைத்தார். வழக்கமாக "சூ" என்று ஒரு சொல் போதும். இன்றைக்கு அந்த மானுக்கு அதன் பூட்டன் காலத்துப் பேச்செல்லாம் விழுந்தது.

மருமகளுக்கு அந்த 'ரெண்டு வருசம்தானே'தான் விசித்திரமாக இருந்தது. மகன் வந்துவிட வேண்டும் என்று கோணேசர் கோயில் வாசலில் நின்று அழுத மனுசி இவர். ஒரு மாதமாகத்தான் 'அங்கயே நிக்கட்டும், நிக்கட்டும்' என்று மாறிப் பேசுகிறார். ஏனென்று கேட்டால் சட்டி உருளும்.

பத்து மணிபோல் ஃபைல் வந்தது.

கீர்த்தனிக்கும் சிந்துஜனுக்கும் வேலை ஒன்றுதான், இடையில்தான் கடல். பழைய கப்பல்களில் ஏதாவது சாமான் தேய்ந்து போகும். அதைச் செய்த கொம்பனி மூடுண்டு கனகாலமாகியிருக்கும், வரைபடமும் இருக்காது. சிந்துஜன் அந்தச் சாமானைக் கையில் பிடிக்கும் ஸ்கேனரால் சுற்றிச் சுற்றி ஸ்கேன் பண்ணி அனுப்புவான். இங்கே கீர்த்தனி அதைக் கொம்பியூட்டரில் போட்டு, அது புதிதாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று திரும்ப வரைவாள். இன்றைக்கு வந்தது கடல்நீர்ப் பம்புக்குள் சுழலும் ஒரு இதழ்ச் சக்கரம்.

ஸ்கேன் என்றால் ஏதோ படம் என்று நினைக்காதீர்கள். அது இலட்சக்கணக்கான புள்ளிகள். அதைக் குறுக்கே வெட்டினால் ஒரு கோடு வரும். உப்புத் தின்ற ஒவ்வொரு குழிக்குள்ளும் இறங்கி ஏறி வருகிற கோடு, குளிரில் நடுங்குகிறவன் போட்ட கையெழுத்து மாதிரி இருக்கும். அதை அப்படியே விடமுடியாது. அத்தனை புள்ளியையும் கழித்துவிட்டு, எட்டுப் பத்துப் புள்ளியில் அதே வளைவைத் திரும்பக் கட்டவேண்டும். புள்ளி கூடினால் கோடு நடுங்கும், குறைந்தால் பொய் சொல்லும். எது தேய்மானம், எது இதழின் உண்மையான வளைவு என்று பார்ப்பது கீர்த்தனியின் கண். அந்தக் கண்ணுக்குத்தான் அந்தத் தளத்தில் மரியாதை.

ஆனால் அதற்கெல்லாம் முதல் ஒரு வேலை இருக்கிறது. ஸ்கேனர் தராதரம் தெரியாத பிராணி. சாமானை மட்டும் பார் என்றால் கேட்காது. மேசையின் விளிம்பு, பக்கத்தில் கிடந்த சாவி, ஸ்கேன் பண்ணுகிறவனின் சப்பாத்து நுனி, முழங்கை என்று எல்லாவற்றையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். அவற்றை வெட்டி எறிந்துவிட்டுத்தான் வேலை தொடங்கும்.

மற்றவர்கள் வெட்டிவிட்டு அனுப்புவார்கள். கீர்த்தனி புருசனிடம் கலியாணமான புதிதிலேயே சொல்லி வைத்துவிட்டாள். "வெட்டாம அனுப்புங்கோ. வெட்டுறதை நான் வெட்டுறன்."

ஏன் என்று நான் விளக்கவும் வேண்டுமா? சாமான் சரியாமல் இருக்க அவன் இடக்கையால் பிடித்துக்கொள்வான். அந்தக் கை அப்படியே வரும். சாம்பல் நிறத்தில், நகம், ரேகை, பெருவிரலடியில் இருந்த பழைய தழும்பு எல்லாவற்றோடும். அவள் அதைச் சுற்றிச் சுற்றித் திருப்பிப் பார்ப்பாள். உள்ளங்கைப் பக்கம் பார்ப்பாள். வெட்டுவாள், ஆனால் எறியமாட்டாள். 'கை' என்று பெயர் வைத்த ஒரு இடத்தில் அத்தனையும் சேமித்து வைத்திருக்கிறாள். வீடியோவில் முகத்தைப் பார்க்கலாம், குரலைக் கேட்கலாம். ஆனால் இது அவனுடைய கையின் அளவு, தடிப்பு, வளைவு. அவள் ஏங்கினது அதற்குத்தான், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஒரு மாதமாகக் கை வருவது குறைந்துவிட்டது. கேட்டால், "இப்ப இடுக்கிவைச்சு இறுக்கிப்போட்டுத்தான் ஸ்கேன் பண்ணுறனான்" என்பான். பத்து நாளைக்கு முதல் ஒன்றே ஒன்று வந்தது. அதிலும் சுட்டு விரலும் நடு விரலும் பாதியோடு நின்றன. ஸ்கேனர் பிடிக்கத் தவறிவிட்டது என்று கீர்த்தனி நினைத்தாள். ஓட்டை என்றால் நிரப்புவது அவளுடைய தொழில். பழைய கையொன்றிலிருந்து இரண்டு விரல் நுனியையும் எடுத்து, வளைவுக்கு வளைவு பொருத்தி, இணைத்த இடம் தெரியாமல் பூசி, முழுக் கையாக்கி வைத்துக்கொண்டாள். அன்று பின்னேரம் முழுக்க அவளுக்கு அந்த வேலைதான். பூ கட்டுவதுபோலச் சந்தோசமாகச் செய்தாள்.

இன்றைக்கு ஃபைலைத் திறந்ததும் இதழ்ச் சக்கரத்தின் ஓரத்தில் மறுபடியும் கை.

கோபம், கையெழுத்து, வியாழக்கிழமை எல்லாம் ஒரு கணம் பறந்துபோயிற்று. கிட்டவாகக் கொண்டுவந்தாள். திருப்பினாள்.

அதே இரண்டு விரல். அதே இடத்தில் நின்றன.

அன்றைக்குக் கை மேலே இருந்து தெரிந்தது. இன்றைக்குக் கீழே இருந்து. வேறு வேறு பக்கத்திலிருந்து பார்த்த ஸ்கேனர் இரண்டு தரமும் ஒரே இடத்தில் தவறாது. ஸ்கேனர் தவறவிட்ட இடத்தின் விளிம்பு பிய்த்த கடதாசி மாதிரி இருக்கும், உள்ளே வெறுமையாகத் தெரியும். இங்கே விளிம்பே இல்லை. இரண்டு விரலும் இரண்டாவது மூட்டோடு உருண்டு, மூடி, முடிந்திருந்தன.

அவள் பத்து நாளைக்கு முந்தின கையைத் திறந்தாள். தான் ஒட்டிய இரண்டு நுனிகளையும் மறைத்துவிட்டுப் பார்த்தாள். அங்கேயும் மூடித்தான் இருந்தது. அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டியது. இதழின் தேய்மானத்தை மயிரிழையில் பிடிக்கிற கண் புருசனின் கையில் பிசகிவிட்டது. முழுசாக இருக்கவேண்டும் என்ற ஆசைதான் அவள் கண்ணை மறைத்தது.

"மாமி!"

அந்தக் குரலுக்குப் புஷ்பவதி தேங்காய்த் துருவல் ஒட்டிய கையோடு ஓடிவந்தார். கீர்த்தனி திரையைக் காட்டினாள்.

வழக்கமாகப் புஷ்பவதிக்கு அந்தத் திரையில் ஒன்றும் விளங்காது. "என்னடி பிள்ளை இது, சாம்பல் குவியலோ?" என்று கேட்டுவிட்டுப் போவார். இன்றைக்கு ஒரு பார்வைதான். கை வாய்க்குப் போயிற்று.

"ஐயோ, என்ர பிள்ளையின்ர விரல்..."

கீர்த்தனி மெல்லத் திரும்பினாள்.

"நான் விரலெண்டு சொல்லவே இல்லையே, மாமி."

குசினியில் அடுப்பில் ஏதோ கொதித்து வழிகிற சத்தம் கேட்டது.

"உங்களுக்குத் தெரியும்."

"பிள்ளை..."

"எப்பவிருந்து தெரியும்?"

"நடந்த அண்டைக்கே போன் எடுத்துச் சொன்னவன். உனக்குச் சொல்லப்படாதெண்டு தன்ர தலையில சத்தியம் வாங்கிப்போட்டான். தலைச் சத்தியம், நான் என்ன செய்ய?"

"கட்டினவளுக்குச் சொல்லாம உங்களுக்குச் சொன்னவர்."

"பெத்தவளுக்குச் சொல்லாம ஆருக்குச் சொல்லுவான்?"

"எனக்கு! எனக்குச் சொல்லவேணும்! அந்தக் கை என்ர கழுத்தில தாலி கட்டின கை, மாமி. அதில என்ன இருக்கு, என்ன இல்லை எண்டு முதல்ல எனக்குத் தெரியவேணும்!"

அவள் இந்த வீட்டில் ஒருநாளும் இப்படிக் குரல் உயர்த்தியதில்லை. புஷ்பவதி உள்ளே போனார். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு சின்னத் துணிப் பொட்டலத்தோடு வந்து மேசையில் அவிழ்த்தார். வெள்ளியில் செய்த ஒரு கை. காலுக்கு வருத்தமென்றால் காலும் கண்ணுக்கென்றால் கண்ணும் செய்து கோயிலில் காணிக்கை போடுவார்கள் அல்லவா, அந்த மாதிரி ஒரு கை.

"பத்திரகாளி அம்மாளுக்கு நேந்தனான். உயிரைத் தந்ததுக்கு. நாளைக்கு வெள்ளிக்கிழமை, குடுக்கப்போறன்."

கீர்த்தனி அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதில அஞ்சு விரலும் முழுசா இருக்கு."

"அம்மாளுக்கு முழுசாத்தான் குடுக்கவேணும்."

இரண்டு பேருக்கும் அப்போதுதான் அழுகை வந்தது. ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுகிற அழுகை இல்லை. மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

"பிறகு ஏன் மாமி நிக்கட்டும், நிக்கட்டும் எண்டனீங்கள்?"

புஷ்பவதி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "நீ கண்டா வெறுத்துப்போடுவாய் எண்டு அவனுக்குப் பயம். ரெண்டு வருசம் போகட்டும், ஆறட்டும் எண்டான். எனக்கும் பயமாத்தான் இருந்தது, பிள்ளை. பொய் சொல்ல மாட்டன்."

"நான் வெறுப்பன் எண்டு நினைச்சனீங்கள்?"

புஷ்பவதி வெள்ளிக் கையைத் திரும்பத் துணியில் சுற்றினார். நாலு வருசம் ஒரே கூரைக்குள் இருந்த மருமகளை இவ்வளவுதான் அறிந்திருக்கிறோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்திருக்கும்.

கீர்த்தனி போனை எடுத்தாள். இரண்டாவது தரம் மணி அடிக்கும்போதே சிந்துஜன் எடுத்துவிட்டான். பின்னால் தளத்தில் இரும்பு அடிக்கிற சத்தம்.

"கீர்த்தி? ஃபைலைப் பாத்தனீரோ? இதழ் நல்லாத் தேஞ்சு போச்சு, என்ன?"

"இதழ் கிடக்கட்டும். கையும் வந்திருக்குது."

இரும்புச் சத்தம் தூரப் போனது. அவன் நடந்து எங்கேயோ ஒதுங்குவது தெரிந்தது.

"எந்தக் கை?"

"என்னட்டையே கேக்கிறியள்?"

"கீர்த்தி, அது ஸ்கேன் சரியா விழேல்லை, அதுதான்..."

"என்னட்ட ஸ்கேனைப் பற்றிக் கதைக்க வேண்டாம். மூடியிருக்கு. வடிவா மூடியிருக்கு. நோகுதோ?"

அவன் ஏதாவது சண்டைக்குத் தயாராக இருந்திருப்பான். 'நோகுதோ' என்ற ஒரு கேள்விக்குத் தயாராக இருக்கவில்லை.

"இப்ப நோகிறேல்லை. இல்லாத நுனிதான் சில நேரம் நோகுது."

"எப்பிடி நடந்தது?"

"பம்பைக் கழட்டி இறக்கேக்க சங்கிலி வழுக்கினது. சரியா மேசைக்கும் பம்புக்கும் நடுவில கை. மருந்து எல்லாம் ஒழுங்காச் செய்தவங்கள். பாரமான வேலை தாறேல்லை, ஸ்கேன் மட்டும்தான்."

"இடுக்கியில வைச்சுத்தானே ஸ்கேன் பண்ணுறனீங்கள். இண்டைக்கு ஏன் கையால பிடிச்சனீங்கள்?"

"சாமான் சரிஞ்சுது. பழக்கத்தில பிடிச்சிட்டன். அனுப்பேக்க வெட்ட மறந்திட்டன்."

"மறந்தோ?"

"தெரியேல்லை, கீர்த்தி. வெட்டப் போனனான். பிறகு வெட்டாம அனுப்பிப்போட்டன்."

கீர்த்தனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாங்கோ. வீட்டை வாங்கோ. நாங்கள் நினைச்ச மாதிரியே தொடங்குவம்."

"என்னெண்டு? ஜமால்தீன் நானா ரெண்டு கை உள்ளவனுக்கெல்லோ கொட்டகை தாறனெண்டவர். எஞ்சின் கழட்டவேணும், படகு புரட்டவேணும். நான் அங்க நிண்டு வேடிக்கை பாக்கிறதோ? நீர் பரிதாபப்பட்டு என்ர சேட்டுப் பொத்தானையும் பூட்டிவிடுவீர். எனக்கு வேண்டாம்."

"பொத்தான் பூட்ட எனக்கு ஆசையா இருக்கு! நாலு வருசமா நான் ஒரு மனுசன்ர பொத்தானும் பூட்டாம இருக்கிறன், தெரியுமோ உங்களுக்கு?"

பக்கத்தில் நின்ற மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். இருக்கட்டும், கேட்கட்டும். சில விசயங்கள் மாமியார்மார் காதில் விழுவதும் நல்லதுதான்.

"கீர்த்தி..."

"கையெழுத்து வைக்காதேங்கோ. அவ்வளவுதான் நான் கேக்கிறது. இவ்வளவு காலமும் ஒண்டும் கேக்கேல்லை."

அந்தப் பக்கம் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது.

"வைச்சிட்டன். காலமை வந்தவுடனேயே வைச்சிட்டன்."

கீர்த்தனி கதிரையில் உட்கார்ந்தாள்.

"இன்னும் மேல போகேல்லை," என்றான் அவன், அவசரமாக. "மனேச்சர் இண்டைக்கு வரேல்லை. நாளைக்கும் நாளையிண்டைக்கும் லீவு. கடதாசி அவற்ர மேசையிலதான் கிடக்கு. ஞாயிறு காலமைதான் எடுத்து மேல அனுப்புவார்."

கீர்த்தனி வேறொன்று கேட்டாள்.

"கமரா பழுதில்லைத்தானே?"

"இல்லை."

"போடுங்கோ."

"வேண்டாம், கீர்த்தி."

"போடுங்கோ எண்டுறன்."

திரையில் முதலில் ஒரு தகரச் சுவர் வந்தது. பிறகு முகம். மெலிந்து, தாடி வளர்த்து, கண்ணெல்லாம் சிவந்து. அவள் அந்த முகத்தைப் பார்த்து ஒரு மாதம். பார்த்துக்கொண்டே இருந்திருப்பாள், ஆனால் கேட்டதை விடவில்லை.

"கையைக் காட்டுங்கோ."

மெல்ல உயர்த்தினான். புஷ்பவதி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். கீர்த்தனி மூடவில்லை.

"திருப்புங்கோ. உள்ளங்கைப் பக்கம். ம்... கிட்டக் கொண்டு வாங்கோ."

சாம்பல் நிறத்தில் அல்ல, தோல் நிறத்தில். புதுத் தோல் வந்த இடம் இளஞ்சிவப்பாக மினுங்கியது. பெருவிரலடித் தழும்பு அப்படியே இருந்தது. அவள் தன் சுட்டு விரலைக் கொண்டுபோய்ப் போனின் கண்ணாடியில், அவனுடைய விரல் முடிகிற இடத்தில் வைத்தாள். அவன் அதைக் கண்டிருக்க முடியாது. ஆனாலும் கையை அசைக்காமல் வைத்திருந்தான்.

"பயமா இருக்கோ?" என்றான்.

"இல்லை. இதை இவ்வளவு தூரத்தில வைச்சுக்கொண்டிருக்கத்தான் ஏலாம இருக்கு." விரலைக் கண்ணாடியிலிருந்து எடுக்காமலே சொன்னாள். "எனக்கு இந்தக் கை வேணும். இப்ப இருக்கிற மாதிரியே வேணும். ரெண்டு வருசம் நான் ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன். ஞாயிறு விடிய எல்லாருக்கும் முதல் போய், அந்தக் கடதாசியை எடுத்துக் கிழியுங்கோ."

சிந்துஜன் கண்ணைத் துடைத்தான். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு குரலில் சொன்னான்.

"கிழிக்க ரெண்டு கை வேணுமே, கீர்த்தி."

"பல்லால கிழியுங்கோ!"

சிரித்துவிட்டான். புஷ்பவதியும் தலைப்புக்குள்ளே இருந்து அழுதபடி சிரித்தார். அங்கே யாரோ அவனுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் திரும்பிப் பார்த்தான், மறுபடி இவளைப் பார்த்தான், போன் தொடர்பு அறுந்தது.

கீர்த்தனி போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். சிரித்தான், அது உண்மை. ஆனால் 'ஓம், கிழிக்கிறன்' என்று அவன் சொல்லவில்லை.